கடையடைப்பன்று வந்த கோடிச்சேலை

போடியில் வண்டிப்பேட்டைத் தெரு என்று ஒன்று இருந்தது. பேர்தான் வண்டிப்பேட்டை, அங்கே கடைசியாக மாட்டுவண்டி அவிழ்த்துவிட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஏலக்காய்க்கு விலை ஏறினாலும் ஏறியது, தெருக்காரர்களுக்குத் தலையில் கொம்பு முளைத்துவிட்டது. நேற்று வரை தொழுவத்தில் சாணி அள்ளியவன் தொழுவத்தை இடித்துக் கோடவுன் கட்டினான். கோடவுன் கட்டியவன் அதன்மேல் மாடி எடுத்து, மாடிக்கு மொசைக் போட்டு, அந்த மொசைக்கிலேயே வழுக்கி விழுந்து இடுப்பொடிந்து கிடந்தான். பிழைக்கத் தெரிந்தவன், பிழைக்கத் தெரியாதவன் என்று உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான் என்பது அந்தத் தெருவின் கண்டுபிடிப்பு.

அந்தக் கணக்கில் ஜக்கையன் சுத்தமாகப் பிழைக்கத் தெரியாதவன். இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். நடுவில் அவனுடைய ஓட்டு வீடும், முற்றமும், ஒரு கொய்யாமரமும் மட்டும் நின்றன. மூன்று மனையையும் சேர்த்து லாட்ஜு கட்டப்போவதாகப் பேச்சு. கட்டப்போகிற கூட்டத்தில் தேவாரத்துக் கன்னையனும் ஒருவன். ஜக்கையன் பெண்டாட்டி ஜக்கம்மாளுக்குக் கூடப்பிறந்த ஒரே அண்ணன் அவன். "மாப்ள வீடு எனக்கு வேற, அவருக்கு வேறயா? நான் முடிச்சுத் தர்றேன்" என்று வாக்குக் கொடுத்துத்தான் அந்தக் கூட்டிலேயே சேர்ந்திருந்தான். ஜக்கையனோ, "நான் செத்த பெறகு லாட்ஜு என்ன, ஏரோப்ளேனே வேணாலும் எறக்குங்க" என்று சொல்லிவிட்டு மலையேறிவிடுவான். மேலே அவனுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டமும், காய் உலர்த்துகிற ஸ்டோர் ஒன்றும் இருந்தன.

எதிர்வீட்டுப் பாண்டியம்மாள் ஜீப்பு டிரைவர்களுக்குச் சோறு போடுகிற கடை வைத்திருந்தாள். அவளுக்கு நாக்கு நீளம். தெருவில் யார் வீட்டுப் பவிசும் அவள் வாயில் விழுந்து எழுந்துதான் வெளியே போகவேண்டும். அவள் புருஷன் சுருளிக்கு ஒரு ஓட்டை ஜீப்பு உண்டு, நாக்குதான் கிடையாது. யார் என்ன கேட்டாலும் மாட்டேன் என்று சொல்ல வராது அந்த மனுஷனுக்கு. மலையில் யாராவது செத்தால் மற்ற டிரைவர்கள் பிணத்தை ஏற்ற மாட்டார்கள். ஏற்றினால் அடுத்த ஆள் வண்டியில் ஏற யோசிப்பான், சோலி கெட்டுப்போகும். சுருளி ஏற்றுவான். இறக்கிவிட்டு மஞ்சள் தண்ணீரால் வண்டியைக் கழுவிவிட்டு அடுத்த லோடுக்குப் போவான்.

"ஊர்ல சாவுறதெல்லாம் ஒனக்குன்னு எழுதி வச்சிருக்கா?" என்று பாண்டியம்மாள் கத்துவாள்.

"எப்படியும் கீழ வந்துதான ஆகணும் புள்ள, பாவம்" என்பான் சுருளி.

எண்பத்திரண்டாம் வருஷம் ஆவணியில், ஏதோ ஒரு வரியை எதிர்த்து ஜில்லா முழுக்க வியாபாரிகள் கடையடைத்தார்கள். செவ்வாய்க்கிழமை தொடங்கி அந்த வாரம் முழுக்க ஒரு முழம் துணி வாங்க முடியாது, ஒரு தீப்பெட்டி வாங்க முடியாது. மலைக்கு ஜீப்பும் ஓடவில்லை. புதன்கிழமை காலையில் சுருளி மட்டும் வண்டியை எடுத்தான். ஸ்டோரில் தனியாக இருந்த ஜக்கையன் அன்றைக்கு வந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்லியிருந்தானாம். முந்தின வாரம்தான், வாசலை மறித்து ஜீப்பை நிறுத்தியதற்காக, அதே ஜக்கையன் ஒரு குடம் தண்ணீரைச் சுருளி தலையில் கவிழ்த்திருந்தான். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

"தலையில தண்ணி ஊத்துன ஆளுக்கு டிரிப்பு ஓட்டப் போறியாக்கும். வெக்கமா இல்ல?" என்றாள் பாண்டியம்மாள்.

"வெயிலுக்கு நல்லாத்தான் இருந்துச்சு" என்று சிரித்துவிட்டுச் சுருளி போய்விட்டான்.

மத்தியானம் அவன் திரும்பி வந்தபோது பின்சீட்டில் ஜக்கையன் பிணமாகக் கிடந்தான். ஸ்டோருக்குக் கீழே ஓடைப் பாறையில் கிடந்தானாம். பின்மண்டை பிளந்திருந்தது. விழுந்து பட்ட அடி இல்லை, கல்லால் அடித்த அடி, அதுவும் இரண்டு என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லிவிட்டார். அங்கிருந்தே போலீஸ் சுருளியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

எஸ்.ஐ. ராஜாராமுக்குக் கேசு அரைமணி நேரத்தில் முடிந்துபோனது. கடையடைப்பன்று மலைக்குப் போனவன் இவன் ஒருத்தன்தான். பிணம் இருந்த வண்டியும் அவனது. போன வாரம் தெரு பார்க்கச் சண்டை போட்டவனும் அவன். போதாததற்கு, மேலே யாரைப் பார்த்தாய், என்ன நடந்தது என்று எத்தனை தரம் கேட்டும் சுருளி வாயைத் திறக்கவில்லை. ஊமையாக உட்கார்ந்திருப்பவனை விடக் குற்றவாளி வேறு யார் வேண்டும்? தேடிப்போகிற சிரமம் கூட வைக்காமல் வண்டியோட்டிக்கொண்டு வந்து நின்ற குற்றவாளியை எந்தப் போலீஸ்காரனுக்குத்தான் பிடிக்காது! பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

சாயங்காலம் ஜக்கையனை அறுத்துத் தைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஸ்டேஷன் வாசலில் நின்றுவிட்டு, உள்ளே விடாததால் நேரே அங்கே வந்தாள் பாண்டியம்மாள். கொன்றவன் பெண்டாட்டி என்று நாலு பேர் முகத்தைத் திருப்பினார்கள். ஜக்கம்மாள் மட்டும் அவளைப் பார்த்ததும், "அக்கா, சுருளியண்ணன் செய்யாதுக்கா" என்று கட்டிக்கொண்டு கதறினாள். அதன்பிறகு பாண்டியம்மாளைப் போகச் சொல்ல யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

அவர்கள் வழக்கத்தில் புருஷன் செத்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வெள்ளைச்சேலை வரவேண்டும். அதற்குக் கோடி என்று பேர். தண்ணீர் படாத புதுத்துணியாக இருக்கவேண்டும். பிணம் எடுப்பதற்கு முன்னால் உடன்பிறந்தவன் அதை அவள் தோளில் போடவேண்டும். கோடி வராதவளை நாதியற்றவள் என்று அவள் சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். கோடி கொண்டுவராத அண்ணன் தம்பி அதற்குமேல் சபையில் வாய் திறக்க முடியாது. சோறு இல்லாமல் கிடந்தாளா என்று ஒருநாளும் கேட்காத சனம், கோடி வந்ததா என்று மட்டும் கழுத்தை நீட்டிப் பார்க்கும்.

அன்றைக்கோ கடையடைப்பு. ஜக்கையன் மேல் போர்த்தவே புதுவேட்டி கிடைக்கவில்லை. பங்காளி ஒருவர் தான் ஒருதரம் கட்டி அவிழ்த்த வேட்டியைக் கொண்டுவந்து, ஊரார் ஏச்சை வாங்கிக்கொண்டு மூலையில் நின்றார். அந்த நேரத்தில்தான் தேவாரத்திலிருந்து வந்து இறங்கினான் கன்னையன். தலையில் துண்டு, காதில் சிவப்புக் கடுக்கன், கண்ணில் ஆறாகத் தண்ணீர், தாம்பாளத்தில் மொடமொடவென்று வெள்ளைக்கோடி.

"அண்ணன்னா இவனல்லவா அண்ணன்!" என்றாள் ஒருத்தி.

"கடையில்லாத நாள்லயும் மொற தவறல பாரு" என்றாள் இன்னொருத்தி. ஒப்பாரிக்கு நடுவிலேயே ஒரு பாராட்டுக் கூட்டம் நடந்து முடிந்தது.

ஜக்கம்மாளை உள்ளே கூட்டிப்போய்ச் சேலை மாற்றியவள் பாண்டியம்மாள்தான். கஞ்சி விறைப்புக் கலையாத துணி. முந்தியின் ஓரத்தில் ஊதா மையில் கடை முத்திரை இருந்தது. சின்னமனூர் என்று தெளிவாகப் படிக்க முடிந்தது. நம்ம ஊரில் கிடைக்காத துணி சின்னமனூரில் மட்டும் எப்படிக் கிடைத்தது என்று அவளுக்குப் பொறிதட்டியது. வெளியே வந்தவள், மரியாதையாகவே கேட்டாள்.

"சேதி எப்பண்ணே வந்துச்சு?"

"மத்தியானந்தான் தாயி. பஸ்சுல வந்தவன் ஒருத்தன் சொன்னான். போட்டது போட்டபடி ஓடியாந்தேன்."

"அந்த அவசரத்துலயும் கோடி எடுத்துட்டீகளே, எங்கண்ணே எடுத்தீக?"

"தேவாரத்துல நமக்குத் தெரிஞ்ச கடை. பின்வாசலத் தட்டி வாங்குனேன்" என்றான் கன்னையன், ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டே.

மறுநாள் காலையில் ஸ்டேஷனில் அவளை உள்ளே விட்டார்கள். சுருளி சுவரோரமாக உட்கார்ந்திருந்தான். பாதம் இரண்டும் வீங்கி, தரையில் ஊன்ற முடியாமல் காலை நீட்டிப் போட்டிருந்தான். பாண்டியம்மாள் அவன் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"மேல யாரப் பாத்த? சொல்லித் தொலையேன்யா!"

"வீட்டுக்குப் போ புள்ள. ரெண்டு நாள் அடிச்சுட்டு விட்ருவாங்க."

"நாளைக்குச் சாயங்காலம் கோர்ட்டுல ஒப்படைக்கிறோம்" என்றார் ராஜாராம், மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "தூக்கா ஆயுளான்னு அவங்க பாத்துக்குவாங்க."

அவள் கோடிச்சேலையைப் பற்றிச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "சேலைய வச்சு நான் கேசு எழுதுனா டிபார்ட்மெண்டே கைகொட்டிச் சிரிக்கும். போம்மா, போய்ச் சோறு பொங்கு." அவருக்கும் பெரியகுளம் பக்கம்தான் ஊர், அவர் வீட்டுச் சாவுகளுக்கும் கோடி வந்திருக்கும். உடுப்பு மாட்டினவுடன் சிலருக்குச் சொந்த வீட்டு வழக்கமே மறந்துபோகிறது.

அவள் நேரே சின்னமனூருக்குப் பஸ் ஏறினாள். அந்தக் கடைக்காரர் கடைக்குப் பின்னாலேயே குடியிருந்தார். வெள்ளைச்சேலை என்றதும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"கடையடைப்புக்கு மொத நாள், திங்கக்கெழம வாங்கிட்டுப் போனாரு. செவப்புக் கடுக்கன் போட்ட ஆளு. யாரு தவறிட்டாங்கன்னு கேட்டேன். இன்னும் தவறல, இழுத்துக்கிட்டுக் கெடக்குன்னாரு. கோடித்துணிக்குப் பேரம் பேசக் கூடாதும்பாங்க. அந்த மனுசன் அதுக்கும் பேரம் பேசுனாரு."

"இத ஸ்டேஷன்ல வந்து சொல்லுவீகளா?"

"போலீசு, கோர்ட்டுன்னா ஆள விடு தாயி" என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவளுக்கு முழுசாகப் புரிந்துபோயிற்று. கடையடைப்பில் மலையில் ஆள் நடமாட்டம் இருக்காது. கொல்லத் தோதான வாரம். ஆனால் கொன்றால் சாவு, சாவென்றால் கோடி, கோடி வாங்கக் கடை இருக்காது. அதனால் முதல்நாளே வாங்கி வைத்துக்கொண்டான். தங்கச்சி புருஷனைக் கல்லால் அடிக்கப் போகிறவனுக்கு, வெறுங்கையோடு போய் நின்றால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று கவலை! த்தூ! உசிரை எடுக்கலாம், முறை மட்டும் தவறக்கூடாது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

வெள்ளிக்கிழமை மூன்றாம் நாள், பால் தெளித்துவிட்டு ஆண்கள் திரும்பியிருந்தார்கள். முற்றம் நிறையக் கூட்டம். லாட்ஜுக் கூட்டாளிகள் இரண்டு பேர் துக்கம் கேட்கிற சாக்கில் கொய்யாமரத்துக்கும் சுவருக்கும் நடுவே எத்தனை அடி இருக்கும் என்று கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தார்கள். வாக்குமூலத்தில் ஜக்கம்மாளிடம் கைநாட்டு வாங்க எஸ்.ஐ. ராஜாராம் வந்திருந்தார். அவருக்கு நாற்காலி போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து காப்பி கொடுத்து உபசரித்துக்கொண்டிருந்தான் கன்னையன். அன்று சாயங்காலம் சுருளியைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பாண்டியம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முற்றத்தின் நடுவே வந்து நின்றாள்.

"கன்னையண்ணே, கோடி தேவாரத்துலதான் எடுத்தீக?"

"அன்னைக்கே சொன்னேனே."

"முந்தியில சின்னமனூர் கடை முத்திரையில்ல இருக்கு?"

கன்னையன் டம்ளரைக் கீழே வைத்தான். "ஆமா, சின்னமனூருதான். துக்கத்துல வாய் மாறிப்போச்சு."

"அங்கயும் இந்த வாரம் பூராக் கடை அடைச்சுத்தான் கெடக்கு. கடைக்காரரு வீட்டுக்கே போய்க் கேட்டுட்டு வந்துட்டேன். பின்வாசல்ல யாருக்கும் ஒரு முழங்கூடக் குடுக்கலையாம்."

நாலு திசையிலும் கண்கள் தன்மேல் திரும்பவும் கன்னையனுக்கு வேர்த்துவிட்டது. பொய்யன் வெளியே வர வழி தேடி இன்னும் ஆழமாகத்தான் விழுவான். "என்னம்மா இது தொணதொணன்னு! வீட்ல இருந்துச்சு. எப்பவோ எடுத்து வச்சிருந்த சேலை, எடுத்தாந்தேன். அதுக்கு என்ன இப்போ?"

அவன் என்ன சொல்லிவிட்டான் என்பது முதலில் பெண்களுக்குத்தான் உறைத்தது. சுவரோரம் குனிந்து உட்கார்ந்திருந்த ஜக்கம்மாள் தலையை நிமிர்த்தினாள்.

"வீட்ல இருந்துச்சாண்ணே?" என்றாள் மெதுவாக. "தாலியோட இருந்த தங்கச்சிக்கு வெள்ளைச்சேலை வாங்கி வீட்டுக்குள்ள வச்சிருந்தியாண்ணே?"

கன்னையன் துண்டால் முகத்தைத் துடைத்தான். உயிரோடு இருப்பவன் வீட்டில் அந்தத் துணியின் பேரைக்கூட வாயில் எடுக்க மாட்டார்கள்.

ராஜாராம் தொண்டையைச் செருமினார். "இந்தாம்மா, சேலையெல்லாம் சாட்சியாகாது. அவரு மலைக்குப் போயே ஒரு மாசமாச்சுன்னு எழுதிக் குடுத்திருக்காரு."

"அப்ப வேட்டிய மொழங்காலுக்குத் தூக்கிக் காட்டச் சொல்லுங்க சார். வந்த அன்னைக்கே காலோட காலு தேச்சுக்கிட்டுத்தான் நின்னாரு. இப்பவும் அப்படித்தான் உக்காந்திருக்காரு."

மழைக்காலத்தில் ஏலத்தோட்டத்துக்குள் கால்வைத்தவன் அட்டைக்குத் தப்பமுடியாது. கடித்த இடம் ஒரு வாரத்துக்கு ஊறலெடுக்கும். தேவாரத்துப் புஞ்சையில் ஆனை வரும், பன்றி வரும். அட்டை மட்டும் கிடையாது. கன்னையன் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். லாட்ஜுக் கூட்டாளிகள் இரண்டு பேரும் அவனுக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் வாசல்பக்கம் நகர்ந்தார்கள். கடைசியில் ராஜாராமே எழுந்து வேட்டியைத் தூக்கினார். கெண்டைக்கால் இரண்டிலும் சிவப்புப் புள்ளிகள், அவற்றின்மேல் தடவிய சுண்ணாம்பு. தேவாரத்திலிருந்து மேலே ஏறுகிற கழுதைப் பாதை எந்தத் தோட்டத்தில் போய் முடிகிறது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"வீட்டத் தர்றேன்னு மாப்ள ஒரு வார்த்த சொல்லல ஜக்கம்மா" என்று கன்னையன் உடைந்து அழுதான். "நாலு பேர்ட்ட வாக்குக் குடுத்துட்டேன். அவங்க முன்னால என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைக்க? கால்ல விழாத கொறையாக் கேட்டேன், சிரிச்சாரு. அதான்..."

ஜக்கம்மாள் எழுந்து வீட்டுக்குள் போனாள். வெளியே வந்தபோது பழைய பச்சைச் சேலை கட்டியிருந்தாள். வெள்ளைக்கோடியை மடித்து அண்ணன் மடியில் வைத்தாள்.

"இத ஒம் பொண்டாட்டிக்கு வச்சுக்க. அவளுக்கும் வேண்டியிருக்கும்."

தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற கன்னையன் பெண்டாட்டி பொன்னுமணி, அடிபட்டவள்போல அலறிக் கீழே உட்கார்ந்தாள். அவள் என்ன பாவம் செய்தாள் என்று பாண்டியம்மாளுக்கு ஒரு கணம் சுருக்கென்றது.

மத்தியானமே சுருளியை விட்டுவிட்டார்கள். "விசாரிக்கத்தான வச்சிருந்தோம்! எனக்கு ஆரம்பத்துலயே அந்தாளு மேல ஒரு கண்ணு" என்றார் ராஜாராம், கொஞ்சமும் கூசாமல். பாண்டியம்மாள் வாய்வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டாள். புருஷன் கையைத் தோளில் போட்டுத் தாங்கிக்கொண்டு நடந்தாள். வழியெல்லாம், தான் எப்படிக் கேட்டாள், அவன் எப்படி முழித்தான் என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். சுருளி சட்டென்று நின்றான்.

"ஜக்கம்மா முன்னாலயா சொன்ன?"

"ஊரு முன்னால சொன்னேன். ஏன்?"

அவன் ரோட்டோரப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தான். "எனக்குத் தெரியும் புள்ள, கன்னையன்னு. ஏத்தும்போது ஜக்கையண்ணனுக்கு உசுரு இருந்துச்சு. பாதி மலையில தண்ணி கேட்டாரு, குடுத்தேன். கன்னையந்தான்டான்னு சொன்னாரு. ஜக்கம்மாளுக்குத் தெரிய வேண்டாம், புள்ள குட்டி இல்லாதவ, எனக்குப் பெறகு அவளுக்குன்னு அவன் ஒருத்தன்தான, நானா வழுக்கி விழுந்தேன்னு சொல்லிருன்னாரு. சரின்னுட்டேன். கீழ வர்றதுக்குள்ள போயிட்டாரு."

"வழுக்கி விழுந்தாருன்னு சொல்ல வேண்டியதுதான?"

"அதுக்குள்ள டாக்டரு கல்லால அடிச்சதுன்னுட்டாரே. பெறகு எனக்குப் பொய் சொல்ல வரல. அதான் பேசாம இருந்தேன்."

"அடப்பாவி மனுசா!" பாண்டியம்மாள் நடுரோட்டில் தலையில் அடித்துக்கொண்டாள். "ஒன்னத் தூக்குல போட்டிருந்தா? செத்தவனுக்கும் கூறு இல்ல, செமந்தவனுக்கும் கூறு இல்ல! வெள்ளைச்சேலை வாங்கி வச்சவன நம்பித் தங்கச்சிய விட்டுட்டுப் போறாராம், அதுக்கு இவரு அடி வாங்குறாராம்! நான் ஒருத்தி எதிர்வீட்ல இருக்கேனே, என்ன நெனச்சுப் பாத்தியாய்யா நீ?" கத்தக் கத்த அழுகை வந்துவிட்டது. அவன் வீங்கிய காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே அழுதாள்.

"நீ செஞ்சது தப்புன்னு சொல்லல" என்றான் சுருளி. "ஆனா அவளுக்கு இனி யாரு இருக்கா?"

வீட்டுக்கு வந்து அவனைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு எதிர்வீட்டைப் பார்த்தாள். காலையில் முற்றம் கொள்ளாமல் இருந்த சனத்தில் ஒரு குருவி இல்லை. அண்ணன் பெருமை பாடியவர்கள், காப்பி குடித்தவர்கள், பங்காளிகள் எல்லோரும் போலீசு என்றதும் கம்பி நீட்டிவிட்டார்கள். பச்சைச் சேலையோடு ஜக்கம்மாள் மட்டும் தரையில் உட்கார்ந்திருந்தாள். பாண்டியம்மாள் தூக்குவாளியில் கஞ்சியை ஊற்றி எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினாள். மலைப்பாதையில் ஜக்கையன் சொன்னதை மட்டும் இந்த ஜென்மத்தில் சொல்வதில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"எந்திரி. கஞ்சியக் குடி."

ஜக்கம்மாள் அசையவில்லை. "எனக்குன்னு ஒரு அண்ணன் இருந்தான்" என்றாள் தரையைப் பார்த்தபடி. "அவனயும் புடுங்கிட்டியேக்கா."

"ஆமா, நான்தான் புடுங்குனேன். எங்கயும் ஓடிரல, இங்கயேதான் இருப்பேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்து, தூக்குவாளி மூடியில் கஞ்சியை ஊற்றி நீட்டினாள் பாண்டியம்மாள். "ஏசணும்னா நல்லா ஏசு. இதக் குடிச்சுட்டு ஏசு."